வலிப்பு உள்ள பிள்ளையும் வகுப்பாசிரியரும்: பெற்றோர் நம்மிடம் ஏன் சொல்வதில்லை?

பொருநைக்கரை (தொடக்கப்பள்ளி ஆசிரியை):
ஜூன் மாதச் சேர்க்கையின்போது பிள்ளையின் தடுப்பூசி, இரத்த வகை, மூக்குக் கண்ணாடி வரை எல்லாவற்றையும் சொல்லும் பெற்றோர், வலிப்பு இருப்பதை மட்டும் சொல்வதில்லை. வகுப்பில் ஒரு நாள் பிள்ளை விழுந்த பிறகுதான், "இரண்டு வருடமாக மாத்திரை கொடுக்கிறோம் டீச்சர், சொன்னால் சேர்க்க மாட்டீர்களோ என்று பயந்துவிட்டோம்" என்று கண் கலங்குகிறார்கள். அவர்கள் பயந்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலேயே, நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர் இருக்கிறார்; அந்தப் பிள்ளையைச் சத்துணவுப் பந்தியில் தனியாக உட்கார வைக்கச் சொன்னவரும் இருக்கிறார். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். பாடம் நடத்துவதில் என்னைவிடத் திறமையானவர்கள். பிள்ளைகள் மீது அக்கறை உள்ளவர்கள். இந்த ஒரு நோயைப் பற்றி மட்டும் யாரும் அவர்களுக்கு முறையாகச் சொல்லித் தரவில்லை. எனக்குக் கிடைத்த ஆசிரியர் பயிற்சியிலும் உள்ளடக்கிய கல்வி என்ற பாடத்தில் இது ஒரு பெயராக வந்து போனதே தவிர, வகுப்பில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் செய்து காட்டவில்லை.

ஆகவே இங்கே உள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் மருத்துவர்களும் மனம் திறந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியருக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, பெற்றோர் தைரியமாக வந்து சொல்லும்படி ஒரு பள்ளி எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செவ்வந்தி (எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்):
டீச்சர், மறைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன். என் மகள் முதலில் படித்த தனியார் பள்ளியில் நாங்கள் சொல்லித்தான் சேர்த்தோம். இரண்டாம் பருவத்தில் வகுப்பில் ஒரு முறை வலிப்பு வந்தது. மறுநாள் அழைத்து, "முழுவதும் குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், அதுவரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எந்த டாக்டர் அப்படி எழுதித் தருவார்? எங்கள் டாக்டரிடம் கேட்டபோது, "பிள்ளை பள்ளிக்குப் போகலாம் என்று எழுதித் தருகிறேன், இனி வராது என்று யாராலும் எழுத முடியாது" என்றார். அந்தக் கடிதத்தைப் பள்ளி ஏற்கவில்லை. பள்ளியை மாற்றினோம். புதிய பள்ளியில் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. பெண் பிள்ளை. ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துச் சொந்தக்காரர்கள். ஆசிரியர் அறையில் பேசியது சாயங்காலம் கோயில் வாசலுக்கு வந்துவிடும். பத்து வருடம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, யாரோ ஒருவர் "அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வருமே" என்று சொல்லிவிடுவார். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை, பரிதாபப்பட்டுத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அந்தப் பரிதாபத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை பெரிது.

வைகைத்துறை (உடற்கல்வி ஆசிரியர்):
அம்மா எழுதியது மனத்தை உறுத்துகிறது. இருந்தாலும் எங்கள் நிலையையும் சொல்லியாக வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது பிள்ளை விழுந்தால் முதலில் ஓடுவது உடற்கல்வி ஆசிரியர்தான். சுற்றி நிற்பவர்கள் ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணிக்கச் சொல்கிறார், ஒருவர் கரண்டியைப் பல்லிடுக்கில் வைக்கச் சொல்கிறார், ஒருவர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கிறார். இரும்பைக் கொடுத்ததும் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அது பொய் என்றால், எப்படி நின்றது என்று மருத்துவர்கள் விளக்க வேண்டும். நோய் இருப்பதைச் சொல்லாமல் மறைத்த பிள்ளையை நான் ஓடவிட்டு, கயிறு ஏறவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் இங்கே பேச வேண்டும்.

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
இரும்பைப் பற்றிய கேள்வி நியாயமானது. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். பிள்ளை விழுந்து, கூட்டம் கூடி, யாரோ ஒருவர் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. சாவி வரும் நேரமும் வலிப்பு நிற்கும் நேரமும் ஒன்றாகிவிடுவதால், சாவிதான் நிறுத்தியது என்று கண்ணால் பார்த்தவரே நம்புகிறார். வெங்காயமோ செருப்போ முகரக் கொடுத்தாலும் இதே கதைதான். சாவியால் நேரடிக் கேடு குறைவு என்றாலும், எல்லோரும் அதைத் தேடும் நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க ஒருவரும் இல்லாமல் போவது கேடு. கரண்டி அப்படி அல்ல. அதனால் பல் உடைந்து, உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது உண்மையில்லை. நாக்கின் ஓரம் கடிபடலாம், அது ஆறிவிடும். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நான் மிகவும் அஞ்சும் செயல், ஏனெனில் அது நேரே நுரையீரலுக்குள் இறங்கும்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும், ஆகவே மணியைப் பார்த்தவர் சொல்வது மட்டுமே எங்களுக்குப் பயன்படும். பக்கத்தில் உள்ள பெஞ்சையும் மேசையையும் நகர்த்துங்கள். தலைக்கடியில் பையையோ மடித்த துண்டையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானையும் டையையும் தளர்த்துங்கள். இழுப்பு தளரத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்; அதனால் வலிப்பு குறையாது, எலும்போ மூட்டோ அடிபடலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமலேயே அடுத்த வலிப்பு வந்தாலும், மூச்சு சீராகாவிட்டாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு இதுவே முதல் முறை என்றாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சில பிள்ளைகளுக்கு, நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் என்ற மருந்தை ஸ்ப்ரேயாக எழுதிக் கொடுப்போம். எத்தனை முறை, எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் கடிதத்தில் எழுதிப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் செய்து காட்டிவிட்டால், அதைப் பயன்படுத்துவதில் பெரிய சிரமம் இல்லை.

வலிப்பு நின்ற பிறகு வரும் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் ஆசிரியர்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். பிள்ளை குழம்பியிருக்கும், தலை வலிக்கும், தூக்கம் தள்ளும். சிறுநீர் கழிந்திருக்கலாம். நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்க, நனைந்த சீருடையோடு கண் விழிக்கும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். மறுநாள் அவன் பள்ளிக்கு வர மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வலிப்பு அல்ல, அந்தக் கண் விழிப்பு. மற்ற பிள்ளைகளை அமைதியாக வெளியே அனுப்பிவிட்டு, இடுப்பையும் காலையும் மூடும்படி ஒரு போர்வையோ சால்வையோ போர்த்திவிடுங்கள். அலமாரியில் ஒரு மாற்று உடை இருக்கட்டும். இதற்கு எந்த மருத்துவ அறிவும் தேவையில்லை. ஆனாலும் எந்த மாத்திரையும் செய்ய முடியாத காரியத்தை இது செய்கிறது.

தலைமையாசிரியர்_கொங்கு:
மருத்துவருக்கு நன்றி. நான் நிர்வாகப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். செவ்வந்தி அம்மாவின் மகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்ன பள்ளி செய்தது சட்டப்படியும் சரியில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "குணமான சான்றிதழ்" கேட்பது பெயரைச் சொல்லாமல் வெளியேற்றுவதுதான்.

ஆனால் என் சக தலைமையாசிரியர்கள் சட்டத்தைக் கேட்டுப் பயப்படுவதில்லை, சம்பவத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முதல் நாள் உறவினர்கள் வாசலில் நிற்பார்கள், இரண்டாம் நாள் செய்தியாளர்கள் நிற்பார்கள். பெற்றோரும் மருத்துவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் கோப்பில் இருந்தால், ஆசிரியர் செய்தது சரியா என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கும். அது இல்லாதபோது என்ன செய்தாலும் குற்றம், எதுவும் செய்யாவிட்டாலும் குற்றம். ஆகவே பெற்றோர் மறைப்பது எங்களையும் ஆபத்தில் தள்ளுகிறது என்பதை அவர்கள் உணர வேண்டும்.

செவ்வந்தி:
ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எங்களை முதலில் சொல்லச் சொல்கிறீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று பள்ளி முதலில் சொல்லட்டும். "இந்தத் தகவல் இன்னாருக்கு மட்டும் தெரியும், பிள்ளையின் சேர்க்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சேர்க்கைப் படிவத்திலேயே இரண்டு வரி அச்சிட்டிருந்தால் நான் அன்றே எழுதிக் கொடுத்திருப்பேன்.

பொருநைக்கரை:
செவ்வந்தி அம்மா சொல்லும் வரிசைதான் சரி. முதலில் சொல்ல வேண்டியது பள்ளி.

வேறு ஒன்றையும் இங்கே வைக்கிறேன். என் வகுப்பில் ஒரு சிறுமி, சொல்வதெழுதலில் எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்குவாள். கவனமில்லை என்பதுதான் அவளைப் பற்றி எல்லோரும் சொன்னது. ஒரு நாள் அவளுடைய பழைய ஏடுகளை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். பிழையாக எழுதும் பிள்ளையின் ஏடு எனக்குத் தெரியும். ரகர றகரம் மாறும், ஒற்று விடுபடும். இவளுடைய ஏட்டில் எழுதியதெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் இரண்டு மூன்று சொற்கள் அப்படியே காணாமல் போயிருந்தன. அந்த இடத்தில் கடைசி எழுத்தின் வால் மெல்லிய கோடாக இறங்கி நின்றிருந்தது. பிறகு அடுத்த வாக்கியத்தின் பாதியிலிருந்து அதே அழகான கையெழுத்து தொடர்ந்தது. மறுநாள் அவள் அருகில் நின்று சொல்வதெழுதல் நடத்தினேன். பென்சில் நின்றது. கண் இமைகள் மெல்லத் துடித்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் தோளைத் தொட்டும் அசையவில்லை. சில நொடிகளில், ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கினாள். இது வலிப்புதானா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் ஏட்டைக் காட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் விவரித்தது, குழந்தைப் பருவத்தில் வரும் 'ஆப்சன்ஸ்' வகை வலிப்பின் படம் போலவே இருக்கிறது. பெரும்பாலும் நான்கு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும். விழாது, வெட்டாது, நுரை தள்ளாது. பத்து இருபது நொடி நினைவு அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் பல பத்து முறை வரக்கூடும். அதாவது அந்தச் சிறுமி நாள் முழுவதும் பாடத்தை ஓட்டை ஓட்டையாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பகல் கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. பேசிக்கொண்டிருக்கும்போதும், வாயில் சோறு மென்றுகொண்டிருக்கும்போதும் நடுவில் நிற்கும்.

மருத்துவமனையில் நாங்கள் பிள்ளையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் வேகமாக ஊதச் சொல்வோம். ஆப்சன்ஸ் இருந்தால் பெரும்பாலும் ஊதிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிடும், மூளையின் மின்னலைகளைக் காட்டும் இஇஜி பதிவிலும் அது தெளிவாகத் தெரியும். இதை வகுப்பில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், வளரும்போது பலருக்கு நின்றும் விடும். உங்கள் ஏட்டையும், எந்த நேரத்தில் எத்தனை நொடி என்ற குறிப்பையும் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்கிறோம், நீங்கள் ஐந்து மணி நேரம் பார்க்கிறீர்கள். என்னிடம் வரும் ஆப்சன்ஸ் பிள்ளைகளில் ஆசிரியர் கவனித்து அனுப்பியவர்கள் மிகச் சிலரே. திட்டும் அடியும் வாங்கிய பிறகு வருகிறவர்களே அதிகம்.

கல்லூரிப் பையன்:
எனக்குப் பதினைந்து வயதில் தொடங்கியது. அப்போது விடுதியோடு கூடிய பள்ளியில் இருந்தேன். பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் இரவு பதினொரு மணி வரை படிப்பு, விடியற்காலை நான்கு மணிக்குச் சிறப்பு வகுப்பு. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழும். காபி டம்ளர் உதறிக்கொண்டு பறக்கும். வார்டன் திமிர் என்று நினைத்தார். சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் பெரிய வலிப்பு வந்த பிறகுதான், அந்த உதறல்களும் வலிப்பே என்று தெரிந்தது. தூக்கம் கெடுவதுதான் எனக்கு முதல் எதிரி என்று மருத்துவர் சொன்னார். பள்ளி அதைக் கேட்டு எனக்கு விடியற்காலை வகுப்பிலிருந்து விலக்கு அளித்தது. அதற்கு இன்றும் நன்றி உள்ளவனாக இருக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது வேறு வகை. வேதியியல் ஆய்வகத்தில் சுடர் பக்கம் போகாதே என்றார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. பிறகு பேச்சுப் போட்டி வேண்டாம், பதற்றமாகிவிடுவாய் என்றார்கள். வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள். விடைத்தாளில் தவறு இருந்தாலும் திட்டவில்லை. நண்பர்களைத் திட்டிய ஆசிரியர் என்னைத் திட்டாமல் கடந்துபோனபோது, நான் அந்த வகுப்பில் இல்லை என்று தோன்றியது. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களைத் தூங்கவிடுங்கள், மாத்திரை நேரத்தை மதியுங்கள். மற்ற எல்லாவற்றிலும் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதையே எங்களிடமும் எதிர்பாருங்கள்.

வைகைத்துறை:
தம்பி, நீ எழுதியதைப் படித்தபின் என் கேள்வியையே மாற்றிக் கேட்கிறேன். விளையாட்டில் எதைத் தடுக்க வேண்டும், எதைத் தடுக்கக் கூடாது?

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
வலிப்பு வரும் சில நொடிகள் எந்த இடத்தில் உயிருக்கு ஆபத்தாகுமோ, அங்கே மட்டும் கட்டுப்பாடு போதும். நீச்சல் என்றால் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். கிணறு, குளம், வாய்க்காலுக்குத் தனியாகப் போகக் கூடாது. கயிறு ஏறுதல், உயரமான கம்பி விளையாட்டு ஆகியவை வலிப்பு நன்றாகக் கட்டுப்படும் வரை வேண்டாம். கபடி, கோகோ, ஓட்டம், கால்பந்து, கைப்பந்து பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடையில்லை. ஒரே ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு எடை கூடுகிறது, சோர்வு கூடுகிறது, நண்பர்கள் குறைகிறார்கள். விளக்கு மினுக்கலால் தூண்டப்படும் வகை சிலருக்குத்தான். எல்லோரையும் ஸ்மார்ட் வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஃபீனோபார்பிடோன் சிலரை மந்தமாக்கும், சிலரைத் துறுதுறுவென்று ஆக்கும். லெவெட்டிராசிடம் சிலருக்கு எரிச்சலைத் தரும். ஃபெனிடாயின் சிலருக்கு ஈறை வீங்க வைக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், ஒழுக்கக் குறைவு என்று முடிவு செய்யும் முன், மருந்து மாறியதா என்று பெற்றோரைக் கேளுங்கள்.

காவிரி_மகள்:
நானும் ஆசிரியைதான். எங்கள் பகுதிப் பெற்றோர் பலர் திருச்சிக்கு அருகே உள்ள திருவாசிக் கோயிலுக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறார்கள். கொல்லிமழவன் என்ற சிற்றரசன் மகளின் முயலகன் நோயை, அதாவது வலிப்பை, திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகச் சொல்லப்படும் தலம் அது. அவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வேண்டுதல் முடியும் வரை மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆசிரியர் என்ன சொல்லலாம்? நோய் எதனால் வருகிறது என்று அவர்கள் கேட்டாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
கோயிலுக்குப் போகட்டும், மாத்திரை ஒரு வேளைகூடத் தவற வேண்டாம் என்று சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்தால், பல பிள்ளைகளுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடியும். அந்த முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும். முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இந்த எண்ணைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், பலர் இதைக் கேட்டதே இல்லை.

காரணம் பல. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, மூளைக் காய்ச்சல், தலைக் காயம், மரபணு. சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் நாடாப்புழுவின் முட்டை உணவு வழியாக உள்ளே போய், மூளையில் கட்டியாகத் தங்குவதும் ஒரு முக்கியக் காரணம். பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைக்க வேண்டாம். நாடாப்புழு உள்ளவரின் மலம் கலந்த மண்ணும் நீரும் பட்ட கீரையைச் சரியாகக் கழுவாமல் உண்ட சைவருக்கும் வரும். ஆகவே கழிப்பறையும் சோப்பும் கை கழுவும் குழாயும் வலிப்புத் தடுப்பில் சேர்ந்தவைதாம். மூளையில் இத்தகைய கட்டி இருப்பதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைக்கு, பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தலைமையாசிரியர்_கொங்கு:
இந்த இழையைப் படித்த பிறகு எங்கள் பள்ளியில் என்ன செய்யப் போகிறோம் என்று எழுதுகிறேன். சேர்க்கைப் படிவத்தில் செவ்வந்தி அம்மா கேட்ட இரண்டு வரிகளை அச்சிடுகிறோம். தகவல் எனக்கும் வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் மட்டும் தெரியும்; ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வராது. வலிப்பு வரும்போது மருத்துவருக்காகப் படம் எடுப்பதென்றால், பெற்றோரின் எழுத்து அனுமதியோடு, பெற்றோரின் எண்ணுக்கு மட்டும் அனுப்பி, உடனே அழித்துவிட வேண்டும். அரசின் பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் ஆசிரியர்களுக்கு அரை மணி நேரம் செய்முறை விளக்கம் தரக் கேட்கப்போகிறேன்.

செவ்வந்தி அம்மாவுக்கு ஒரு தகவல். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன சொற்களை 1999-ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. ஊர்ப் பேச்சு அதைவிட மெதுவாகத்தான் மாறும் என்பது எனக்கும் தெரியும்.

செவ்வந்தி:
நன்றி ஐயா. நாளை மகளின் வகுப்பாசிரியையைத் தனியாகச் சந்தித்துச் சொல்லப் போகிறேன். டிசம்பரில் கல்விச் சுற்றுலா இருக்கிறது, இரவு ரயில் பயணம். அனுப்பலாமா என்று மட்டும் டாக்டர் சொல்ல வேண்டும்.

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
உங்கள் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை அனுப்பலாம் அம்மா. கீழ்ப் படுக்கை கேளுங்கள். பயண நாட்களுக்குத் தேவையானதைவிட இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். பாதியை மகளிடமும் பாதியை ஆசிரியையிடமும் கொடுங்கள், பை தொலைந்தாலும் வேளை தவறாது. இரவு பத்து மணிக்கு மேல் பாட்டும் கும்மாளமும் வேண்டாம், தூங்கச் சொல்லுங்கள். கடற்கரையிலோ அருவியிலோ ஆசிரியை கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலும் உங்கள் எண்ணும் ஆசிரியையின் கைப்பையில் இருக்க வேண்டும். உடன் படிக்கும் ஒரு தோழிக்கும் சொல்லி வைக்கலாம். யாருக்குச் சொல்வது என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும்.